இலை ஓரத்து ஈயக்குண்டு

வனத்துறை ஜீப்பின் பானெட் மேல் ஆறு காடைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஆறும் மல்லாந்து, கால்களை ஆகாயத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் என் ஏர்கன். அதற்கும் பக்கத்தில் நான், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.

போன ஓண லீவில் நடந்தது இது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் வயலை ஒட்டிய வாய்க்கால் ரோடு. முதல் போகம் அறுத்து முடித்திருந்ததால் இரண்டு பக்கமும் வெறும் நெல்தாள். ஈரச் சேறும் வைக்கோலும் கலந்த வாசனை. எதிரே என் மச்சானுடைய ஜீப் நின்றிருந்தது. அதன் பின்சீட்டில் என் மனைவி மல்லிகா, இட்லித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் மகள் நித்யா, என்னைப் பார்க்கவே கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு.

காக்கி உடுப்பில் இரண்டு பேர். அவர்களில் மூத்தவர் மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார், இதையெல்லாம் சுட்டது யார் என்று.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. சுட்டது நான்தான் என்றால் கேஸ். யாருமே சுடவில்லை என்றால் என் மானம் போகும். புத்தியுள்ளவன் ஒரு நொடியில் முடிவெடுத்திருப்பான். நான் நின்று யோசித்தேன். அந்த யோசனைக்குப் பின்னால் பல வருடக் கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன். காடைகள் எங்கேயும் போய்விடாது.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு துப்பாக்கி

மச்சான் என்று நான் சொல்வது மல்லிகாவின் அண்ணன் சுப்பிரமணியை. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவர். வாலிபத்திலேயே இடுக்கி மலையேறி, குமுளிக்குப் பக்கத்தில் ஆனைக்கரையில் ஏலத்தோட்டம் வாங்கி, அங்கேயே தங்கிவிட்டார். ஆள் நல்ல உயரம். மீசை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும்.

என்னைப் பற்றித்தான் இந்தப் பத்திரிகையில் போன வாரமே படித்திருப்பீர்கள். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன். நட்டு, போல்ட், எண்ணெய் டின். அது போக அப்பா விட்டுப்போன கொஞ்சம் வயல். கல்யாணத்தின்போது என் எடையைக் கேட்டால் இப்போது எனக்கே நம்பிக்கை வராது.

மச்சானுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு ஒரு ஏர்கன்னைப் பரிசாகக் கொடுத்தார். கொடுக்கும்போது, ஒரு ஆண்பிள்ளை வீட்டில் இருக்கவேண்டிய சாமான் இது என்றார். அந்த வீட்டில் ஆண்பிள்ளை இருக்கிறானா என்பதை அவர் சந்தேகமாகவே விட்டுவிட்டார்.

முதல் ஓணத்துக்கு வந்தவர் என்னைத் தாளுக்குள் இறக்கிவிட்டார். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லைத் தின்னக் காடைகள் வரும். காலடியில் இருந்து விர்ரென்று கிளம்பும். கிளம்பும் சத்தத்திலேயே நான் பாதி பயந்துவிடுவேன். மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் சுடவேண்டும்.

அன்றைக்கு நான் சுட்டதில் காடையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டது. பம்புசெட் ரூமின் பல்பு போனது. வரப்போரப் பனையில் கட்டியிருந்த கள்ளுப்பானை ஒன்று ஓட்டையானது. பனையேறுகிறவர் அப்போது மரத்து உச்சியில் இருந்தார். அங்கிருந்தே அவர் என் பரம்பரையை விசாரித்தார். மச்சான் வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவர்கள் நடுவில் மச்சான் என்னைப் போலவே துப்பாக்கி பிடித்து நடித்துக் காட்டினார். கணக்குப்பிள்ளைக்குப் பொண்ணைக் கொடுத்தால் கள்ளுப்பானைதான் மிச்சம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் மரியாதை என்று. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து உள்ளே போய்விட்டாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

வேட்டைக்காரன் பிறந்த விதம்

அடுத்த ஓணத்துக்கு நான் தயாராக இருந்தேன்.

கோவிந்தாபுரம் போகிற வழியில் செந்தில் என்பவருடைய காடைப் பண்ணை இருக்கிறது. விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில், எந்த வயலில் காடை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னேன். உண்மையில் காடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். கம்பி வலைக்குள் இருந்தது.

செந்திலிடம் ஒரே ஒரு நிபந்தனை. கழுத்தைத் திருகித் தரவேண்டும், ஆனால் உரிக்கக்கூடாது. இறகோடு இருந்தால் வயல் காடையா, வளர்ப்புக் காடையா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. செந்தில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்காமல் கொடுத்தார்.

மஞ்சள் பையைப் பம்புசெட் ரூமில் ஒளித்துவைத்தேன். பிறகு குடும்பத்தோடு வேட்டைக்குப் புறப்பட்டோம். சத்தம் கேட்டால் பறவை கிளம்பிவிடும், எல்லோரும் ரோட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாக வயலுக்குள் இறங்கினேன். பனைமரத்தைப் பார்த்து நாலைந்து தடவை சுட்டேன். இந்த முறை பானை இல்லாத மரமாகப் பார்த்துக்கொண்டேன். கொஞ்சநேரம் பம்புசெட் ரூம் நிழலில் உட்கார்ந்து வேர்வை வரட்டும் என்று காத்திருந்து, பையோடு திரும்பினேன்.

மச்சான் பையைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பையைப் பார்த்தார். "மாப்ளை" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

இருந்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன். அதைத் தீர்த்து வைத்தது சாப்பாடு. மல்லிகாதான் உட்கார்ந்து இறகு பிடுங்கி, மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு வறுத்திருந்தாள். மச்சான் ஒரு துண்டைக் கடித்தார். நறுக்கென்று ஒரு சத்தம். வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ஈயக்குண்டு. ஏர்கன் குண்டு.

"இதுதானுங்க வேட்டைக் கறி" என்று சபைக்குச் சொன்னார். "பண்ணைக் காடை தவுடாட்டம் இருக்கும். இந்த ருசி காட்டுல ஓடித் திரியறதுக்குத்தான் வரும்."

எனக்கு வேர்த்துவிட்டது. பண்ணைக் காடைக்குள் என் குண்டு எப்படிப் போனது? என் பாக்கெட்டில் இருந்த குண்டு பைக்குள் விழுந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அடுத்த வருடமும் அதேபோல ஒரு குண்டு மச்சான் இலையில் வந்தது. அதற்கடுத்த வருடமும். கடைசியில், பனையைப் பார்த்துச் சுட்ட குண்டு எகிறிப் போய், பம்புசெட் ரூமுக்குள் நுழைந்து, பைக்குள் கிடந்த செத்த காடையில் பட்டிருக்கலாம் என்றுகூட ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஸ்டோர் பார்க்கிற மனிதன், ஒரு நட்டுக்குக்கூட விளக்கம் எழுதுகிறவன், இதை நம்பினேன்.

அதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. குண்டு யார் வாயில் அகப்படுகிறதோ, அவர் அதை இலை ஓரத்தில் எல்லோரும் பார்க்க வைக்கவேண்டும். அடுத்த வருடம் பரிமாறுகிற முதல் காடை அவருக்கு. வருடா வருடம் அது மச்சானுக்கே வந்தது. அவர் அதை அதிர்ஷ்டம் என்றார்.

மச்சான் ஒவ்வொரு ஓணத்துக்கும் தவறாமல் வந்தார். அது ஏலக்காய் எடுப்பு நேரம். தோட்டத்தை மனைவி தலையில் கட்டிவிட்டு, என் குறி பார்க்கும் திறமைக்காக மலையிறங்கி வருவார். ஆனைக்கரை முழுக்க என் பெயர் பரவியிருப்பதாக மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறார். அங்கே போக எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

நித்யாவின் வேலை

போன ஓணத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நித்யா அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, ஓடி, தாண்டி, எல்லாவற்றிலும் தேறி, வேலை கிடைக்கிற கட்டத்தில் இருந்தாள். போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. எந்த வேலை என்று கேட்கிறீர்களா? வனத்துறை. காட்டு ஜீவன்களைச் சுடுகிறவர்களைப் பிடிக்கிற வேலை.

காடை, கௌதாரி எதையும் தொடக்கூடாது என்று அவள் இரண்டு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை மச்சான் வருவதற்கு முந்தின நாள் என் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்கப்பா, நாளைக்கு நான் போட வேண்டிய கேஸ உங்க மேலயே போட வெப்பீங்களா? இந்த ஒரு வருசம் மாமங்கிட்ட முடியாதுன்னு சொல்லுங்க."

அப்போதே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சாமி, அதெல்லாம் பண்ணைக் காடை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சிறுவயதில் பள்ளிக்கூடத்தில், எங்கப்பா பெரிய வேட்டைக்காரர் என்று சொல்லிவிட்டு வந்த பெண். கோபமாக இருந்தாலும் அவள் கண்ணில் நான் இன்னும் வேட்டைக்காரன்தான். அதை விட மனசு வரவில்லை. ஒன்றும் ஆகாது கண்ணு என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மச்சானிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன். சட்டம் இருக்கிறது என்று இழுத்தேன். அவர் என் தோளில் தட்டி, குறி தப்பிவிடும் என்று பயமா மாப்ளை என்றார். மறுநாள் விடிவதற்குள் நான் செந்தில் பண்ணையில் நின்றேன்.

நித்யா எங்களோடு வந்ததே காவலுக்குத்தான். கூட இருந்தால் அப்பா சுடமாட்டார் என்று நினைத்திருக்கிறாள். நான் வழக்கம்போல வயலுக்குள் இறங்கினேன், பனையைச் சுட்டேன், வேர்த்தேன், பையோடு திரும்பினேன். ரோட்டில் ஏறும்போது வனத்துறை ஜீப் நின்றிருந்தது. பன்றித் தொந்தரவு பற்றி யாரோ சொல்லி அந்தப் பக்கம் வந்தவர்களாம். சத்தம் கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

சாட்சி சொன்ன மச்சான்

ஆக, சுட்டது யார் என்று அதிகாரி கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் மச்சான் முன்னால் வந்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"வேற யாருங்க? எங்க மாப்ளைதானுங்க. வருசா வருசம் இவருதான் சுடறாரு. ஒரு குண்டு, ஒரு காடை. நம்ம சீமையில இவராட்டம் குறி யாருக்குமில்லீங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு மனதாரப் புகழ்ந்து யாரும் பேசியதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செக்‌ஷன் போடலாம் போலிருந்தது. அதிகாரி ஒரு பேப்பரை எடுத்தார். என் பெயரையும் வீட்டுப் பெயரையும் கேட்டார்.

அப்போதுதான் நித்யாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தபோது இருந்த முகம். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் நான் கட்டிக் காப்பாற்றிய மானம் இவ்வளவுதானா என்று இருந்தது.

"சாரே" என்றேன். "இது பண்ணைக் காடைங்க. காசு குடுத்து வாங்கினது. எனக்குச் சுடவே தெரியாதுங்க."

முதலில் பேசியவர் மச்சான். தன்னடக்கம் என்றார். எங்கள் மாப்ளை எப்போதும் இப்படித்தான் என்று அதிகாரிக்கு விளக்கினார்.

அதிகாரியும் நம்பவில்லை. பிடிபட்ட எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றார். நான் செந்திலுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பானெட் மேல் காடைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் கொடுத்த காடையைப் பற்றிச் சாரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"ஆமாங்க சார், என்ற பண்ணைக் காடைதானுங்க" என்றார் செந்தில். "ஒவ்வொரு ஓணத்துக்கும் வாங்குவாருங்க. உரிக்காம வேணும்னு கேக்கறவரு இந்தச் சுத்துவட்டாரத்துல அவரு ஒருத்தருதானுங்க. ஏனுங்க, வயித்தால போயிருச்சுங்களா?"

அதிகாரி ஒவ்வொரு காடையாக எடுத்தார். இறகை ஊதி விலக்கிப் பார்த்தார். எதிலும் ஓட்டை இல்லை. ரத்தம் இல்லை. திருகிய கழுத்து மட்டும் தொங்கியது. அவர் வாய் ஓரம் துடிக்க ஆரம்பித்தது. பேப்பரைப் பாதி மடித்துவிட்டார்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மச்சான் விடவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற என்னைவிட அவர் உறுதியாக இருந்தார். அப்படியானால் இது என்ன என்று கேட்டுக்கொண்டே பர்ஸைத் திறந்தார். உள்ளே சாமி படத்துக்குப் பின்னால், ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஈயக்குண்டை எடுத்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"மாப்ளை சுட்ட காடையில இருந்து என்ற பல்லுல கடிபட்டதுங்க. வருசா வருசம் கடிபட்டிருக்குது. பண்ணைக் காடையில குண்டு எப்பிடிங்க வரும்?"

அதிகாரியின் வாய் ஓரம் நின்றுவிட்டது. மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். இப்போது என்னைப் பார்த்தார். குண்டு எகிறிப் பைக்குள் போன கதையை அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாது.

ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மல்லிகா இட்லித் தூக்கை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அது நான் போட்டதுங்க" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மொத வருசம் இறகு புடுங்கறப்பவே தெரிஞ்சு போச்சுங்ணா. ஒண்ணுல கூட ஓட்டையில்ல. நீங்க கண்டுபுடிச்சா மறுபடியும் ஊரு முன்னால அவர வெச்சுச் சிரிப்பீங்க. அலமாரியில இவரு குண்டு டப்பா இருந்துச்சு. ஒண்ண எடுத்துக் கழுவி, உங்களுக்குப் போடற துண்டுல வெச்சேன். அப்பறம் வருசா வருசம் வெக்க வேண்டியதாப் போச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்தும், ஒவ்வொரு ஓணத்துக்கும் நான் வேர்வையோடு பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, இவ்வளவு காடையா என்று அவள் வியந்து கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது.

முதலில் சிரித்தது நித்யா. பிறகு அந்த அதிகாரிகள். பேப்பர் நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போனது. துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள் என்று மூத்தவர் கண்டிப்பாகச் சொன்னார். நித்யாவின் வேலை விஷயம் தெரிந்ததும், சீக்கிரம் வந்து சேரும்மா, அப்பாவைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். ஈயக்குண்டை மச்சானிடமே திருப்பிக் கொடுத்தார். மச்சான் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

பண்ணைக் கறியின் ருசி

திரும்பும்போது மச்சான்தான் ஜீப்பை ஓட்டினார். வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அப்படியென்றால் இத்தனை வருடமும் பண்ணைக் காடையைத் தின்றுவிட்டுத்தான் காட்டு ருசி என்று சொன்னேனா என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். ஆனைக்கரையில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். அப்போதுதான் புரிந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் போன மானம் ஒரே அளவு. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சமமாக உட்கார்ந்தது அந்த ஜீப்பில்தான்.

(இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இந்தப் பத்திரிகை ஆனைக்கரைக்கு வருவதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.)

மத்தியானம் இலை போட்டார்கள். காடை வறுவல் வந்தது. மச்சான் பழக்கத்தில் ஒவ்வொரு துண்டையும் ஜாக்கிரதையாக மென்றார். ஒன்றும் கடிபடவில்லை. கடைசித் துண்டை விழுங்கிவிட்டுக் காலி இலையைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. நல்லாத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

நான் கால் துண்டைக் கடித்தேன். நறுக்கென்றது.

நாக்கால் துழாவி எடுத்துப் பார்த்தேன். ஈயக்குண்டு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் இலையில். நிமிர்ந்து மல்லிகாவைப் பார்த்தேன். அவள் நித்யாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வழக்கப்படி எல்லோரும் பார்க்க அதை இலை ஓரத்தில் வைத்தேன்.

மச்சான் அதை எட்டிப் பார்த்தார். பிறகு, அடுத்த ஓணத்துக்கு முதல் காடை மாப்ளைக்குத்தான் என்றார். மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

மல்லிகா ரசச் சட்டியை என் பக்கம் கொண்டுவந்தாள்.

"அடுத்த வருசமாச்சும் உரிச்சே வாங்கிட்டு வாங்க" என்றாள். "இறகு புடுங்கிப் புடுங்கி என்ற வெரலெல்லாம் போச்சு."